ஊசியும் ஏடும்: நியூயார்க் யூதர்களின் வரலாறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

சென்ற பருவத்தில் ஒரு நாள் எங்கள் வேதியியல் பேராசிரியை அவர்கள் படிகங்களின் உள்ளமைப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு படிகத்தின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் புள்ளிகள் விழும். அப்புள்ளிகளைக் கொண்டு உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நேரடியாகக் கணக்கிடும் முறையைக் கண்டவர்கள் ஹெர்பர்ட் ஹாப்ட்மன், ஜெரோம் கார்லே என்னும் இருவர். அதற்காக அவர்களுக்கு 1985-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வருஷம் டிகிரி வாங்கினவங்க. பீஸ் இல்லாத காலேஜ். உங்களை மாதிரிதான்" என்றார்கள். மணி அடித்துவிட்டது.

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. நூலகத்தில் தேடினேன். அக்கல்லூரியின் பெயர் நியூயார்க் நகரக் கல்லூரி. அவ்விருவரும் பட்டம் பெற்ற ஆண்டு 1937. அதே ஆண்டில் அங்கே பட்டம் பெற்ற ஆர்தர் கோர்ன்பெர்க் என்பவரும் 1959-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பதைக் கண்டபோது என் வியப்பு இரு மடங்காயிற்று. ஒரே வகுப்பில் மூன்று நோபல் பரிசுகள்! மூவருமே நியூயார்க்கின் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள்.

விடுதித் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "யூதர்கள் பிறவியிலேயே அறிவாளிகள்" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அறிவியல் மாணவியான எனக்கு அந்த விடை நிறைவளிக்கவில்லை. பிறவிதான் காரணம் என்றால், அவர்களுடைய பாட்டன்மார் ஏன் கந்தல் விற்றுக்கொண்டிருந்தார்கள்? ஆகவே அந்நகரத்து யூதர்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். ஏட்டைத் தேடிப் போன எனக்கு அங்கே முதலில் அகப்பட்டது தையல் ஊசி. அந்த ஊசி எங்கள் வீட்டிலும் உண்டு. என் அக்கா பத்தாம் வகுப்போடு நின்று, பின்னலாடைக் கம்பெனியில் காஜா எடுக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இக்கட்டுரையை நான் எழுதக் காரணம் அதுவேயாகும்.

இருபத்து மூன்று பேர்

நியூயார்க் நகரம் முதலில் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. அப்போது அதன் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1654-ஆம் ஆண்டு இருபத்து மூன்று யூதர்கள் அங்கே கப்பலில் வந்து இறங்கினர். அவர்கள் வந்தது பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரிலிருந்து. டச்சுக்காரர் வசமிருந்த அந்நகரை அவ்வாண்டு போர்த்துக்கீசியர் மீட்டுக்கொண்டனர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் யூதர்கள் தங்கள் சமயத்தோடு வாழ முடியாது. எனவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தனர்.

நியூ ஆம்ஸ்டர்டாமின் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை விரட்டிவிட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் என்பது ஹாலந்தில் இருந்த மேற்கிந்தியக் கம்பெனி. அக்கம்பெனியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர்களும் பங்குதாரர்கள். அவர்கள் மனுக் கொடுத்தனர். 1655-இல் பதில் வந்தது: யூதர்கள் அங்கே தங்கலாம், ஆனால் அவர்களில் ஏழைகள் இருந்தால் அவர்களை அவர்கள் இனத்தாரே காப்பாற்றிக்கொள்ள வேண்டும், கம்பெனிக்குச் சுமையாகக் கூடாது.

இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் பலவற்றுக்கு இதுவே தொடக்கம் எனலாம்.

தங்க இடம் கிடைத்ததே தவிர உரிமை கிடைக்கவில்லை. நகரக் காவலில் நிற்க யூதர்களை அனுமதிக்கவில்லை. காவலுக்குப் பதிலாக வரி கட்டச் சொன்னார்கள். ஆசர் லெவி என்பவர், மற்றவர்களைப் போல நானும் காவல் நிற்கிறேன், வரி கட்ட மாட்டேன் என்று மனுக் கொடுத்தார். மனு தள்ளப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1657-இல் நகரக் குடியுரிமையையே கேட்டுப் பெற்றார். 1664-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து நியூயார்க் என்று பெயரிட்டனர். அதன் பின்னும் பல ஆண்டுகள் கழித்து, 1730-இல்தான் மில் தெருவில் யூதர்களின் முதல் ஜெப ஆலயக் கட்டிடம் எழுந்தது.

கிழக்கிலிருந்து வந்த வெள்ளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் நாட்டு யூதர்கள் வந்தனர். முதுகில் மூட்டை சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள் அவர்களில் பலர். சிலர் துணிக்கடை முதலாளிகளாயினர்; வேறு சிலர் வங்கி நடத்தினர். 1880-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் சுமார் 80,000 யூதர்கள் இருந்தனர்.

அதன்பின் வந்ததுதான் பெருவெள்ளம். 1881-இல் ருஷ்யாவில் இரண்டாம் அலெக்சாண்டர் என்ற ஜார் மன்னன் கொல்லப்பட்டான். பழி யூதர்கள் மேல் விழுந்தது. ஊர் ஊராக அவர்கள் வீடுகள் சூறையாடப்பட்டன. மறு ஆண்டே அவர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறக் கூடாது என்று சட்டம் வந்தது. கல்வியிலும் கை வைத்தார்கள். 1887-இல், யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட மேற்கு மாகாணங்களில் நூற்றுக்குப் பத்து இடங்கள், அவற்றுக்கு வெளியே ஐந்து, மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் தலைநகரங்களில் மூன்று என்று கல்விக்கூடங்களில் யூத மாணவர்க்கு வரம்பு கட்டினார்கள். படிக்க ஆசைப்பட்டவனுக்குப் படிப்பு இல்லை. பிழைக்க வந்தவனுக்கு நிலம் இல்லை.

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் இருபது இலட்சம் யூதர்கள் அமெரிக்கா சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இறங்கிய துறைமுகம் நியூயார்க். 1892 முதல் எல்லிஸ் தீவில் வரிசையில் நிறுத்திக் கண்ணையும் மூச்சையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். எதிரே கடலில் சுதந்திர தேவியின் சிலை நின்றது. அச்சிலையின் பீடத்துக்கு நிதி திரட்டுவதற்காக 1883-இல் ஒரு கவிதை எழுதிய எம்மா லாசரஸ், அந்நகரத்தின் பழைய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1903-இல், அக்கவிதை பட்டயத்தில் பொறிக்கப்பட்டுச் சிலையின் பீடத்தில் பதிக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டு வாக்கில் நகரத்து யூதர்களின் தொகை பதினைந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

தையல் இயந்திரமும் காசநோயும்

வந்தவர்கள் மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்கு மூலையில் குவிந்தனர். ஆர்ச்சர்டு தெரு, ஹெஸ்டர் தெரு, டெலான்சி தெரு என்பன அப்பகுதியின் பெயர்பெற்ற தெருக்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சில இடங்களில் ஏக்கருக்கு எழுநூறு பேருக்கு மேல் வசித்தனர். நம் கல்லூரி விளையாட்டுத் திடலில் அத்தனை பேர் இரவும் பகலும் குடியிருந்து, சமைத்து, உறங்குவதை நினைத்துப் பார்த்தால் அந்நெருக்கம் விளங்கும். அடுக்குக் குடியிருப்புகளின் நடு அறைகளுக்குச் சன்னலே கிடையாது. 1901-இல் வந்த சட்டம் ஒவ்வோர் அறைக்கும் சன்னல் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

அந்த அறைகளே தொழிற்சாலைகளாகவும் இருந்தன. துணி வியாபாரி வெட்டிய துணியை ஒப்பந்தக்காரனிடம் கொடுப்பான். ஒப்பந்தக்காரன் அதைத் தன் வீட்டு அறையில் பத்துப் பேரை வைத்துத் தைத்துக் கொடுப்பான். கூலி உருப்படிக் கணக்கு. விடியலில் உட்கார்ந்தால் நள்ளிரவில் எழுவார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடுப்பு எரியும். அதே அடுப்பில் கஞ்சியும் கொதிக்கும். காசநோய்க்கு அங்கே 'தையல்காரர் நோய்' என்றே பெயர் வழங்கிற்று.

இதில் மறைக்கக் கூடாத ஓர் உண்மை உண்டு. தைத்தவனும் யூதன், பல இடங்களில் தைக்க வைத்து லாபம் கண்ட முதலாளியும் யூதனே. ஒரே சமயம், ஒரே மொழி என்பதால் கூலி உயர்ந்துவிடவில்லை.

ஆனால் முன்னே சொன்ன பழைய நிபந்தனை அவர்களிடையே ஒரு பழக்கமாக ஊறியிருந்தது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஊர்ச் சங்கம் அமைத்தனர். வாரந்தோறும் சில காசுகள் சந்தா. நோயில் விழுந்தால் உதவித் தொகை, இறந்தால் அடக்கச் செலவு. 1892-இல் வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்று 95 டாலர் முதலீட்டில் தொடங்கிற்று. தள்ளுவண்டி வாங்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் அது கடன் கொடுத்தது.

அறிவுப் பசிக்கும் வழி செய்தனர். 1897-இல் 'ஃபோர்வர்ட்ஸ்' என்ற நாளிதழ் இட்டிஷ் மொழியில் தொடங்கப்பட்டது. ஜெர்மன் சாயல் கொண்டு எபிரேய எழுத்தில் எழுதப்படும் அம்மொழியே இம்மக்களின் தாய்மொழி. அந்நாளிதழில் 1906 முதல் வாசகர் கடிதப் பகுதி ஒன்று வந்தது. புருஷன் விட்டுப் போனவள், வேலை போனவன், படிப்பதா வேலைக்குப் போவதா என்று திகைத்தவன் எல்லாரும் அதற்கு எழுதினார்கள். ஆசிரியர் ஆபிரகாம் கஹான் பதில் தந்தார். 1909-இல் திறக்கப்பட்ட சூவர்டு பூங்கா நூலகத்தில் இடம் போதாமல் மொட்டை மாடியிலும் படிப்பிடம் அமைத்தனர்.

காஜா எடுத்த சிறுமி

இவ்வரலாற்றில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் நோபல் பரிசு பெற்றவர் அல்லர். கிளாரா லெம்லிச் என்ற தையல் தொழிலாளிப் பெண்.

அவர் 1886-இல் உக்ரைன் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவ்வூர்ப் பள்ளியில் யூதப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் கோபத்தில் அவர் பெற்றோர் ருஷ்யப் புத்தகமே வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டனர். கிளாராவுக்கோ படிக்க ஆசை. எனவே யாருக்கும் தெரியாமல் காஜா எடுத்துக் கொடுத்தும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்காக அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் காசு சேர்த்துப் புத்தகம் வாங்கினார். ஒரு நாள் தந்தை கண்டுபிடித்து அத்தனையையும் எரித்துவிட்டார். அவர் மீண்டும் சேர்த்தார்.

இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் காஜாக் காசில் வந்த புத்தகங்கள் என்னுடையவை. அக்காவுக்கு என்று ஒரு புத்தகமும் வாங்கியதில்லை.

நியூயார்க் வந்த கிளாரா இரவிக்கைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை முடிந்ததும் நூலகத்துக்கு நடந்து சென்று படிப்பார். 1909-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தையல் தொழிலாளர் கூட்டம் நடந்தது. தலைவர்கள் நெடுநேரம் பேசினார்கள். ஒருவரும் முடிவு சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதுடைய கிளாரா எழுந்து இட்டிஷ் மொழியில் நாலு வார்த்தை பேசினார். பேச்சுக் கேட்டுச் சலித்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்பதே அதன் சாரம். மண்டபமே எழுந்து கை உயர்த்தியது. இருபதாயிரம் பேர் வேலையை நிறுத்தினர், பெரும்பாலோர் இளம்பெண்கள். குளிர்காலம் முழுதும் போராடி, 1910 பிப்ரவரியில் முடித்தபோது பெரும்பாலான கம்பெனிகள் வாரத்துக்கு 52 மணி நேர வேலைக்கு ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொள்ளாமல் சங்கத்தை மறுத்தவற்றுள் ஒன்று 'டிரையாங்கிள்' இரவிக்கைக் கம்பெனி.

பூட்டியிருந்த கதவு

1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25, சனிக்கிழமை. வேலை முடியும் நேரம். வாஷிங்டன் சதுக்கத்தின் அருகே ஒரு கட்டிடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் இயங்கிய அக்கம்பெனியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் துணி திருடிச் செல்லாமல் இருக்க, ஒரே வழியாக வெளியேறச் செய்து பையைச் சோதிப்பது வழக்கம். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டிற்று. 146 பேர் மாண்டனர். அவர்களுள் 123 பேர் பெண்கள். யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே மிகுதி. பதினான்கு வயதுச் சிறுமிகளும் அவர்களில் உண்டு.

முதலாளிகள் இருவரும் ருஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள்தாம். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆனால் நகரம் மறக்கவில்லை. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. சில ஆண்டுகளுக்குள் தீத்தடுப்பு, வெளியேறும் வழி, வேலை நேரம் பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. அத்தீயைத் தெருவில் நின்று கண்ணால் கண்ட பிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணி, 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சரானார்.

அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கட்டிடமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். மாண்டவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் 2023-இல் அங்கே திறக்கப்பட்டது.

திறந்திருந்த கதவு

இனி கல்லூரிக்கு வருவோம். யூதர் வெள்ளம் வருவதற்கு நெடுநாள் முன்பே, 1847-இல், நியூயார்க் மக்கள் வாக்களித்து ஒரு கல்லூரியை ஏற்படுத்தினர். அதற்குக் காரணமாக இருந்தவர் டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வணிகர். ஏழை பிள்ளை, பணக்காரப் பிள்ளை என்ற வேற்றுமையின்றித் தகுதியுள்ளவன் எவனும் கட்டணமில்லாமல் படிக்கலாம். 1849-இல் வகுப்புகள் தொடங்கின. அதுவே நியூயார்க் நகரக் கல்லூரி. 1909-இல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இரவு வகுப்புகளும் ஏற்பட்டன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நேரே கல்லூரிக்குப் போய்விடவில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டம் பெற்றவர் மிகச் சிலரே. பிள்ளைகள் பன்னிரண்டு, பதினான்கு வயதிலேயே ஊசி பிடித்தனர். சங்கம் வந்து, கூலி உயர்ந்து, வேலை நேரம் குறைந்த பிறகே கல்லூரி நிரம்பியது. வீட்டில் ஒருவர் கூலி இன்னொருவரைப் படிக்க வைக்கும் அளவுக்கு வந்தால்தான் கட்டணமில்லாக் கல்லூரியும் பயன்படும். கட்டணம் இல்லை என்றாலும் பிள்ளை கொண்டுவந்திருக்க வேண்டிய கூலியும் இல்லையல்லவா?

கல்லூரி நிரம்பியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கதவை ஒருக்களித்தன. 1922-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவல், யூத மாணவர் தொகைக்கு வரம்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். எதிர்ப்பு வந்ததும், 'குணநலன்' பார்த்துச் சேர்ப்பது என்று வேறு வழியில் அதையே செய்தனர். கொலம்பியாவும் தொகையைக் குறைத்தது. ருஷ்யாவில் சட்டமாக இருந்தது இங்கே வழக்கமாக இருந்தது. 1930-களில் நகரக் கல்லூரியின் மாணவர்களில் பெரும்பான்மையினர் யூதர்கள்.

அவர்களிற் சிலரைக் காண்போம். முன்னே சொன்ன கோர்ன்பெர்க்கின் தந்தை கீழ்க்கிழக்குப் பகுதியின் தையற் கூடங்களில் சுமார் முப்பது ஆண்டு இயந்திரம் மிதித்தவர். மகன் பதினைந்து வயதில் நகரக் கல்லூரியில் சேர்ந்தார், டி.என்.ஏ. மூலக்கூறு உருவாக உதவும் நொதியைக் கண்டார். போலியோத் தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க் 1934-இல் அங்கே பட்டம் பெற்றவர். அவர் தாய் பள்ளிக்கே போகாதவர். ஜூலியஸ் ஆக்செல்ராடு ஒரு கூடை பின்னுபவரின் மகன். மருத்துவக் கல்லூரிகள் இடம் தராததால் ஆய்வுக்கூடத்தில் உணவின் வைட்டமின் அளவைச் சோதிக்கும் வேலை பார்த்தார். 1970-இல் மருத்துவத்துக்கே நோபல் பரிசு பெற்றார். ஆர்னோ பென்சியாஸ் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த குழந்தை. தாய் தொழிற்சாலையில் கோட்டுத் தைத்தார். அவர் வேதியியல் படிக்கலாம் என்று எண்ணிக் கல்லூரிக்குள் நுழைந்து இயற்பியலுக்கு மாறினார் என்று அறிந்து எனக்குச் சற்று வருத்தம்தான்! பேரண்டத்தின் தொடக்கத்திலிருந்து மிஞ்சியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டதற்காக 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெண்களுக்கு எங்கே இடம்?

இவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். நகரக் கல்லூரியின் கலை, அறிவியல் பிரிவு 1951 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. நான் அன்று அங்கே பிறந்திருந்தால் ஹாப்ட்மனோடும் கார்லேயோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியாது.

பெண்களுக்கு 1870-இல் தொடங்கிய வேறொரு கட்டணமில்லாக் கல்லூரி இருந்தது. அது ஹண்டர் கல்லூரி. அதே 1937-ஆம் ஆண்டு அங்கே வேதியியலில் பட்டம் பெற்றவர் ஜெர்ட்ரூட் எலியன். புற்றுநோயால் பாட்டனார் இறந்ததைக் கண்டு, அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்று வேதியியல் எடுத்தவர். தந்தை 1929-இன் பொருளாதார வீழ்ச்சியில் பணத்தை இழந்திருந்தார். கட்டணம் இருந்தால் எலியன் படித்திருக்க முடியாது. பட்டம் பெற்ற பிறகு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்த பதினைந்து இடங்களும் கைவிரித்தன. முதலில் சம்பளமே இல்லாமல் ஆய்வுக்கூட வேலை பார்த்தார். இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை உருவாக்கிய அவர், முனைவர் பட்டம் பெறாமலே 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்க வழி கண்ட ரோசலின் யாலோவும் ஹண்டர் கல்லூரி மாணவியே. அவர் பெற்றோர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். அவருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் இவர்கள் விதிவிலக்குகள். தம்பி படிக்க வேண்டும் என்று தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த அக்காமார்கள் ஆயிரமாயிரம். அவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடக்கவில்லை.

கதவு அடைபட்ட ஆண்டு

1924-இல் அமெரிக்க அரசு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோருக்குக் கடுமையான வரம்பு விதித்தது. வெள்ளம் வடிந்தது. பின்னாளில் ஹிட்லரிடமிருந்து தப்ப நினைத்த பலருக்கு அந்த வரம்பே தடையாயிற்று. நியூயார்க்கில் இருந்தவர்கள் பிழைப்பு உயர உயரப் புரூக்ளின், பிராங்க்ஸ் பகுதிகளுக்கும் பின்னர்ப் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற அறைகளுக்குச் சீனர்களும் போர்ட்டோ ரிக்கர்களும் வந்தனர். அவர்களில் பலரும் தையல் இயந்திரத்தின் முன்னேதான் உட்கார்ந்தனர்.

நகரக் கல்லூரி கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியை ஒட்டியிருக்கிறது. ஆயினும் அம்மக்களின் பிள்ளைகள் அங்கே மிகச் சிலரே படித்தனர். 1969-இல் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்க மாணவர்களும் கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். 1970-இல், நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லாருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் என்று அறிவித்தனர். ஆனால் நகரம் கடனில் மூழ்கியது. 1976-இல் கட்டணம் புகுந்தது. 1847-இல் மக்கள் வாக்களித்துத் திறந்த கதவுக்கு, 129 ஆண்டுகளுக்குப் பின், நுழைவுச் சீட்டு வாங்கவேண்டி வந்தது. அக்கல்லூரியால் முன்னுக்கு வந்தவர்கள் நன்றாக வாழத் தொடங்கிய பிறகு, அடுத்து வந்தவர்களின் முறை வந்தபோது அது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

முடிவுரை

இன்று நியூயார்க் நகரத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் யூதர்கள் வாழ்கிறார்கள். என் தோழிக்கு நான் சொல்ல விரும்பும் விடை இதுதான். அது பிறவி அறிவன்று. தங்களுக்குள் உதவிக்கொண்ட ஊர்ச் சங்கம், கூலிக்குப் போராடிய தொழிற்சங்கம், நூலகம், கட்டணமில்லாக் கல்லூரி ஆகியவை ஊர் கூடித் தேர் இழுத்தாற்போல் ஒரு தலைமுறையை மேலே இழுத்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் தேர் நிலை சேர்ந்திருக்காது.

இக்கட்டுரையை விடுமுறையில் வீட்டில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நோபல் பரிசு பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஒன்பதாம் மாடிக் கதவுச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரியிடம் இருந்திருக்கலாம் என்றேன். மறுநாள் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எங்க கம்பெனியில பின்கதவைப் பூட்டறதில்ல. போய்ப் பார்த்துட்டேன்" என்றாள்.

கிளாரா லெம்லிச் படிக்க ஆசைப்பட்டுக் காஜா எடுத்தார். என் அக்கா நான் படிக்கக் காஜா எடுக்கிறாள். நான் பட்டம் வாங்கியதும் அது என் பட்டம் மட்டும் என்று எண்ணிவிட்டால், தாங்கள் நுழைந்த பிறகு கதவைச் சாத்தியவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு என்ன? ஆகவே மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். "இந்த வயசிலயா?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு இருபத்து நான்கு வயதுதான் ஆகிறது. பெயரும் பிறந்த தேதியும் நானே எழுதிவிட்டேன். கையெழுத்து அவள் போட வேண்டும்.